இணைய ஏலத்தில் பழைய மேதைகளின் கோட்டோவியங்கள்: படத்தை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது

இணைய ஏலத் தளங்களில் "குவெர்சினோவினுடையதாகக் கருதப்படுவது", "ரெம்பிராண்ட் வட்டம்", "தியேப்போலோ பாணி" என்று பழைய ஐரோப்பிய ஓவியர்களின் பெயர் தாங்கிய தலைப்புகளோடு பழுப்பு மைக் கோட்டோவியங்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. தொடக்க விலை சில நூறு யூரோதான். அதே ஓவியருடையது என்று உறுதியான தாள் ஒன்று பெரிய ஏலத்தில் பல்லாயிரம் யூரோவுக்கு, சில சமயம் லட்சங்களுக்குப் போகிறது. நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் ஆசையைக் கிளப்புகிறது.

வாங்க நினைப்பவர் பொதுவாகக் கேட்பது "இது அசலா, போலியா?" என்று. இந்தத் துறையில் அந்தக் கேள்வி பாதி வழிக்குக்கூட உதவாது. கேட்க வேண்டியவை மூன்று: எப்போது வரையப்பட்டது, எதற்காக வரையப்பட்டது, யார் கை? முதல் கேள்விக்கு நல்ல படங்கள் ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவதற்குச் சில நேரம் சொல்லும். மூன்றாவதற்கு அநேகமாகச் சொல்லாது. படத்தை வைத்து ஒரு தாளைக் கழிக்கலாம், ஏற்றுக்கொள்ள முடியாது. கீழே வருவதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டை ஒட்டித்தான்.

## அடிப்படை: பெயர் எழுதாத தாள்கள்

பழைய மேதைகளின் கோட்டோவியம் என்று சந்தை சொல்வது, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டிலிருந்து 1800 வரை ஐரோப்பிய ஓவியர்கள் காகிதத்தில் பேனா, சாக், நீர்த்த மை ஆகியவற்றால் வரைந்தவற்றை. இவற்றில் பெரும்பாலானவை விற்பதற்காக வரையப்பட்டவை அல்ல. பெரிய ஓவியத்துக்கான முன்வரைவு, பட்டறையில் வைத்திருக்கும் மாதிரி, மாணவனின் பயிற்சி, இப்படித்தான் அவை பிறந்தன. பட்டறைக்குள்ளேயே புழங்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய தேவை அரிதாகவே வந்தது. ஆகவே இன்று தாளின் அடியோரத்தில் தெரியும் பெயர் பெரும்பாலும் பின்னாளில் ஒரு சேகரிப்பாளரோ வியாபாரியோ எழுதியதாகவே இருக்கும்.

நகலெடுப்பது அன்று குற்றமல்ல, பாடத்திட்டம். ஆசிரியரின் தாளைப் பார்த்து மாணவன் வரைந்தான். ஆசிரியர் அதில் நாலு கோடு திருத்தினார். ரெம்பிராண்டின் மாணவர்களான ஃபெர்டினாண்ட் போல், கோவெர்ட் ஃப்ளிங்க், சாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராட்டன் ஆகியோரின் தாள்கள் நூற்றாண்டுக்கணக்கில் ஆசிரியர் பெயரிலேயே இருந்தன. 1950களில் ஓட்டோ பெனெஷ் தொகுத்த பட்டியல் ஏறத்தாழ 1,400 தாள்களை ரெம்பிராண்டுக்குக் கொடுத்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அதில் ஏறக்குறைய பாதியை மாணவர்களுக்கும் பின்பற்றியவர்களுக்கும் மாற்றிவிட்டார்கள். அந்தத் தாள்கள் எதுவும் போலி அல்ல. பழையவை, நேர்மையானவை, பெயர்தான் வேறு.

இணைய ஏலத்துக்கு வருபவற்றை மூன்று குவியலாகப் பிரிக்கலாம்: பழைய நகல்களும் பட்டறைத் தாள்களும், கோட்டோவியம் போலத் தோன்றும் அச்சுப்படங்கள், ஏமாற்றவே செய்த போலிகள். மிகச் சிறியது மூன்றாவதுதான், பேச்செல்லாம் அதைப் பற்றியே என்றாலும்.

## பட்டியலின் மொழி

ஏல நிறுவனம் பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கும் சொற்களுக்கு வரையறை உண்டு. அது விற்பனை விதிகளின் பின்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும். பெரிய சர்வதேச நிறுவனங்கள் பின்பற்றும் படிவரிசை ஏறத்தாழ இது:

1. வெறும் பெயர்: எங்கள் கருத்தில் இது அந்த ஓவியர் வரைந்தது.
2. "கருதப்படுவது": முழுமையாகவோ பகுதியாகவோ அவருடையதாக இருக்கக்கூடும்.
3. "பட்டறை": அவருடைய பட்டறையில், ஒருவேளை அவர் மேற்பார்வையில்.
4. "வட்டம்": அவர் காலத்தது, அவருடைய தாக்கம் தெரிகிறது.
5. "பின்பற்றியவர்": அவர் பாணியில் வரைந்தவர், மாணவராக இருக்க வேண்டியதில்லை.
6. "பாணி": அவர் பாணிதான், ஆனால் பிற்காலத்தது.
7. "மூலத்தை ஒட்டியது": அவர் படைப்பு ஒன்றின் நகல்; எந்தக் காலத்து நகலாகவும் இருக்கலாம்.

நான்காம் படிக்கும் ஆறாம் படிக்கும் நடுவில்தான் பணம் தொலைகிறது. "வட்டம்" என்றால் காலத்துக்கு நிறுவனம் ஒரு கருத்துச் சொல்கிறது. "பாணி" என்றால் போன நூற்றாண்டில் வரைந்ததாகவும் இருக்கலாம். கையெழுத்துக்கும் இதே கதைதான். "கையொப்பமிட்டது" என்றால் ஓவியரே போட்டார் என்பது நிறுவனத்தின் கருத்து. "கையொப்பம் காணப்படுகிறது" என்றால் வேறொருவர் எழுதியிருப்பார் என்று நினைக்கிறார்கள் என்று பொருள்.

உத்தரவாதம் எதற்கு என்பதையும் பார்த்துவிட வேண்டும். பெரிய ஏல நிறுவனங்களான கிறிஸ்டீஸ், சோத்பீஸ் இரண்டும் விற்ற நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்கு உத்தரவாதம் தருகின்றன. ஆனால் கிறிஸ்டீஸ் விதிப்படி, தலைப்பில் "கருதப்படுவது" போன்ற சொல் சேர்ந்துவிட்டால், அந்த ஓவியர்தான் வரைந்தார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தலைப்புக்குக் கீழே எத்தனை பத்தி புகழ்ந்து எழுதியிருந்தாலும் அது உத்தரவாதத்தில் சேராது.

சிறிய நிறுவனங்களின் விதிகளில் வேறொரு கண்ணி இருக்கும். "திட்டமிட்ட போலி" என்று நிரூபித்தால் மட்டுமே பணம் திரும்பும் என்பார்கள். காலக்கெடு இரண்டு மூன்று வாரம்தான். 18ஆம் நூற்றாண்டு மாணவன் ஒருவன் பயிற்சிக்காக வரைந்த நகல் திட்டமிட்ட போலி ஆகாது. பெயர் தவறு என்று ஐயமறத் தெரிந்தபின்னும் அங்கே வழக்குக்கு இடமில்லை.

பிரான்ஸ் இதில் விதிவிலக்கு. 1981 மார்ச் 3 தேதியிட்ட அரசாணை இச்சொற்களுக்குச் சட்டப் பொருள் கொடுக்கிறது. அங்கே "கருதப்படுவது" என்று எழுதினால், தாள் அந்த ஓவியரின் செயல்காலத்தது என்பதற்கும், அவரே வரைந்திருக்கலாம் என்று நினைக்க வலுவான காரணம் உண்டு என்பதற்கும் விற்பவர் பொறுப்பு. ஓவியரின் பெயரோடு "பள்ளி" என்று எழுதினால், அது அவருடைய மாணவர் வரைந்தது. அவர் வாழ்நாளிலோ, இறந்து 50 ஆண்டுக்குள்ளோ வரைந்ததாக இருக்க வேண்டும். "பாணி", "ரசனையில்", "ஒட்டியது" ஆகிய சொற்கள் எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. ஒரே சொல் பாரிஸில் ஒரு கனமும் வேறு நாட்டில் வேறு கனமும் கொண்டது.

## முதலில் அச்சுப்படங்களைக் கழியுங்கள்

கோட்டோவியத்தை அப்படியே பிரதி செய்யும் அச்சுமுறைகள் 18ஆம் நூற்றாண்டிலேயே நன்றாக வளர்ந்துவிட்டன. பாரிஸில் ஜில் தெமார்த்தோ, ஓவியர் பூஷேயின் சிவப்புச் சாக் ஓவியங்களைச் செப்புத்தகட்டில் பல்சக்கரம் உருட்டிப் பிரதி செய்தார். ஆம்ஸ்டர்டாமில் கோர்னேலிஸ் ப்ளூஸ் வான் அம்ஸ்டெல் டச்சுத் தாள்களை நிறத்தோடு அச்சிட்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொலோடைப் எனும் ஒளிப்பட அச்சுமுறை வந்தபின், அருங்காட்சியகத் தாள்களின் பிரதிகள் ஏராளமாக வெளிவந்தன. கண்ணாடிச் சட்டத்துக்குள், மங்கிய காகிதத்தில், பத்தடி தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இவை எல்லாமே "சிவப்புச் சாக், 18ஆம் நூற்றாண்டு" ஆகிவிடும்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. உண்மையான சாக் காகிதத்தின் மேடுகளில் மட்டும் ஒட்டும்; பள்ளங்கள் வெறுமையாக இருக்கும். அழுத்திய இடத்தில் துகள் குவிந்து, ஓரம் உதிர்ந்து நிற்கும். தெமார்த்தோ வகை அச்சை 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால், சாக் கோடு என்று நினைத்தது வரிசை பிசகாத நுண்புள்ளிகளாகப் பிரியும். அந்தப் புள்ளிகளுக்கும் காகிதத்தின் மேடுபள்ளத்துக்கும் தொடர்பே இருக்காது. தாளைச் சுற்றித் தகட்டின் அழுத்தத் தடமும் இருக்கலாம், வெட்டி எறியாமல் இருந்தால். கொலோடைப்பில் புள்ளி வராது. புழுப்போல நெளிந்த நுண்ணிய வலைத் தடம் தெரியும். நவீன ஆஃப்செட்டில் அடுக்கான புள்ளிகளும், இங்க்ஜெட்டில் சிதறிய வண்ணத் துளிகளும் 30 மடங்கில் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு எளிய சோதனை: சேகரிப்பாளர் முத்திரையும் கறையும் கோடும் ஒரே மையில், ஒரே மட்டத்தில் இருந்தால் அது அச்சு. அத்தோடு மூலத்தாள் எங்கே இருக்கிறது என்றும் தேடிப் பாருங்கள். டியூரரின் முயல் (1502) வியன்னாவின் அல்பெர்டினாவில் இருக்கிறது. இப்படிப் புகழ்பெற்ற தாள் எதுவும் தெரியாத்தனமாக ஏலத்துக்கு வந்துவிடாது.

படத்தின் திசையையும் கவனிக்க வேண்டும். ஒரு செப்பு அச்சுக்காக வரைந்த முன்வரைவு, பொதுவாக அச்சுக்கு இடவலம் மாறித்தான் இருக்கும், ஏனெனில் தகட்டிலிருந்து தாளுக்கு வரும்போது படம் புரளும். ஏலத்தில் உள்ள தாள் அச்சின் அதே திசையில், அதே அளவில் இருந்தால், அச்சைப் பார்த்து யாரோ வரைந்தார்கள் என்று முதலில் சந்தேகிப்பதே முறை. குவெர்சினோ பெயரில் வரும் நகல்களில் ஒரு பங்கு இப்படி உண்டானவை. அவர் தாள்களைப் பார்த்து பர்த்தொலோத்ஸி போன்றோர் 18ஆம் நூற்றாண்டில் செய்த அச்சுகள் எங்கும் பரவின. அந்த அச்சுகளைப் பார்த்து மாணவர்கள் வரைந்தார்கள்.

## காகிதம் சொல்வது

காகிதம் ஒரே ஒரு செய்தியை மட்டும் உறுதியாகச் சொல்லும்: இதற்கு முன்னால் வரைந்திருக்க முடியாது. பின்னால் எப்போது வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம்.

1. கம்பிச் சல்லடை அச்சில் கையால் வார்த்த பழைய காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நெருங்கிய மெல்லிய வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே பெரும்பாலும் 2 முதல் 3.5 செ.மீ. இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் தெரியும். 1800க்கு முந்திய காகிதத்தில் சங்கிலிக் கோட்டின் இருபுறமும் மங்கிய நிழல் படிந்திருக்கும். பிற்கால இயந்திரக் காகிதம் இதே வரிகளைப் போலியாகக் காட்டும். ஆனால் இடைவெளி இம்மியும் பிசகாது, நிழல் இருக்காது.

2. வரியே இல்லாத, சீரான நெசவுச் சல்லடைக் காகிதம் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்மன் ஆலையில் 1750களின் பிற்பகுதியில்தான் வந்தது. அதில் 17ஆம் நூற்றாண்டு ஓவியம் இருக்க வழியில்லை. வெளிச்சப் படம் ஒன்று கிடைத்தால் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும் சோதனை இது.

3. மரக்கூழ் காகிதம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. ஓரங்கள் பழுத்து மொறமொறவென்று உடையும். அதற்கு முன் கந்தல் துணிக் கூழ்தான்.

4. புற ஊதா விளக்கில் தாள் நீலவெண்மையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால், ஒளிரூட்டி கலந்த காகிதம். ஏறத்தாழ 1950க்குப் பிந்தியது. ஒளிர்வது தாளா, பின்னால் ஒட்டிய புதுக் காகிதமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீர்க்குறி, அதாவது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காகிதத்துக்குள் தெரியும் ஆலையின் சின்னம், பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். "17ஆம் நூற்றாண்டு நீர்க்குறி உள்ளது" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. 1907இல் வெளியான பிரிக்கேயின் தொகுப்பில் மட்டும் 16,000க்கு மேற்பட்ட நீர்க்குறி வரைபடங்கள் உள்ளன. காளைத் தலை, நங்கூரம், திராட்சைக் குலை என்று ஒரே சின்னம் நூற்றுக்கணக்கான சல்லடைகளில், பல நாடுகளில், பல பத்தாண்டுகளில் வந்திருக்கிறது. சின்னம் ஒன்றுபோல இருந்தால் போதாது. அளவு மி.மீ. கணக்கில் பொருந்த வேண்டும், சங்கிலிக் கோட்டிலிருந்து அது நிற்கும் தூரம் பொருந்த வேண்டும், கம்பி வளைந்த குறைகூடப் பொருந்த வேண்டும். அப்படிப் பொருந்தினால் அது பெரிய சான்று. 2016இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு வீட்டுப்பொருள் விற்பனையில் 30 டாலருக்குப் போன கன்னி மரியாள் தாளை, 2021இல் லண்டனின் ஆக்னியூஸ் நிறுவனம் டியூரருடையது என்று காட்சிக்கு வைத்தது. டியூரர் தம் தாள்களில் அடிக்கடி பயன்படுத்திய திரிசூலமும் வளையமும் கொண்ட நீர்க்குறி அதில் இருந்தது முக்கியச் சான்றுகளில் ஒன்று. இதை ஏலம் கேட்பதற்கு ஊக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு நுணுக்கமான பொருத்தம் தேவைப்படுகிறது என்பதற்கு உதாரணமாக மட்டும் கொள்ளுங்கள்.

பழைய காகிதம் கிடைப்பது அரிதல்ல என்பதுதான் இதில் சிக்கல். பழைய புத்தகங்களின் முன்பின் வெற்றுத்தாள்களைக் கிழித்தால் போதும். அப்படி எடுத்த தாளில் ஒரு பக்கவாட்டில் தையல் துளைகள், பசை ஓரம், எதிர்ப்பக்க அச்செழுத்தின் மங்கிய பதிவு தெரியலாம். புத்தகப் பூச்சி துளைத்த இடங்களை உருப்பெருக்கிப் பாருங்கள். கோடு வரைந்தபின் துளை விழுந்திருந்தால், கோடு துளையின் விளிம்பில் சட்டென்று அறுந்து, மறுவிளிம்பில் அதே தடிப்பில் தொடரும். துளை விழுந்தபின் வரைந்திருந்தால், மை துளையின் உள்விளிம்பில் கசிந்து கறுத்திருக்கும், அல்லது பேனா துளையைத் தவிர்த்து இம்மியளவு வளைந்திருக்கும். பழைய மடிப்பின் உடைந்த நாரில் மை பாய்ந்திருப்பதும் இதே கதைதான். பழைய காகிதத்தின் பசைப்பூச்சு வலுவிழந்திருப்பதால், புது மை அதில் மயிரிழைகளாகப் பரவும்.

## மையும் சாக்கும்

பழுப்பு மை என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லிவிட முடியாது. பழைய ஓவியர்கள் அதிகம் பயன்படுத்தியது இரும்புச் சத்தும் மாசிக்காயும் சேர்த்த மை. எழுதும்போது கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும், காலப்போக்கில் பழுக்கும். அமிலம் உள்ளதால் மை தேங்கிய இடங்களில், அதாவது கோடு திரும்பும் முனையிலும் இரு கோடு வெட்டும் இடத்திலும், காகிதத்தை அரிக்கும். பின்பக்கம் கறை ஊடுருவும். கோட்டைச் சுற்றிப் பழுப்பு ஒளிவட்டம் பரவும். எங்கும் ஒரே பழுப்பாக, தேங்கிய இடத்திலும் அரிப்பில்லாமல், பின்பக்கம் துப்புரவாக இருந்தால், பழுப்பாகவே வாங்கிய மையால் வரைந்ததோ என்று கேட்க வேண்டும். விறகுப் புகைக்கரியிலிருந்து செய்த பிஸ்டர் மை அரிக்காது என்பதால், அரிப்பில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தள்ளிவிடவும் கூடாது.

காலத்தைக் காட்டிக்கொடுக்கும் வேறு சில: கணவாய் மீனின் செப்பியா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலானது. எஃகு நிப்புகள் 1820களுக்குப் பின்னரே பெருமளவில் வந்தன. அழுத்திய இடத்தில் அவை காகிதத்தில் இரட்டைக் கீறலை விடும், சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். இறகுப் பேனா அப்படிக் கீறுவதில்லை. வெள்ளை மேல்தீட்டல் ஈயவெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் எங்காவது சாம்பல் கறுப்பாக மாறியிருக்கும். துத்தநாக வெள்ளை நீர்வண்ணமாக 1834இல் விற்பனைக்கு வந்தது; புற ஊதாவில் மஞ்சள்பச்சையாக ஒளிரும். டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பின்னாளில் யாரோ பழுதுபார்த்தபோது பூசியதாகவும் இருக்கலாம் என்பதால், வெள்ளை ஒன்றை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

## கோடு: படத்தில் ஏமாற்றும் பகுதி

ஒரு கையை வரைந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டைவிரலின் அடிமேட்டை யோசித்துக்கொண்டே வரைபவர் கோட்டை ஒரு வீச்சில் தொடங்குவார், பாதியில் விடுவார், பக்கத்திலேயே இன்னொரு கோட்டால் திருத்துவார். விரல் எங்கே மடங்குகிறது என்று அவருக்குத் தெரியும். கோடு அந்த இடத்தில் தடிக்கும், எலும்பின்மேல் மெலியும். நகலெடுப்பவர் கோட்டின் வடிவத்தைப் பார்க்கிறார், கையைப் பார்ப்பதில்லை. அவர் கோடு ஒரே வேகத்தில், ஒரே தடிப்பில் போகும். மூலத்தை நிமிர்ந்து பார்க்க நிறுத்திய ஒவ்வோரிடத்திலும் சிறு மைப்புள்ளி தேங்கும். திருத்தம் இருக்காது, இருந்தால் திருத்தமும் நகலெடுக்கப்பட்டிருக்கும்: அடிக்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் ஒரே நிதானம்.

நிழற்கோடுகளின் சாய்வும் ஒரு தடயம். வலக்கைக்காரர் பொதுவாக மேல் வலத்திலிருந்து கீழ் இடத்துக்கு இழுப்பார். லியோனார்டோ இடக்கைக்காரர் என்பதால் அவர் நிழற்கோடுகள் மேல் இடத்திலிருந்து கீழ் வலத்துக்குச் சாயும். ஆனால் சாக் ஓவியத்தின்மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தி ஒற்றி எடுத்தால், வலக்கைக்காரரின் கோடும் இடக்கைக் கோடாகிவிடும். ஒற்றுத்தாள் மங்கலாக, தட்டையாக இருக்கும். அதுவும் பழையதுதான், விலைதான் வேறு.

இதையெல்லாம் திரையில் பார்க்கப் படத்தில் போதிய நுணுக்கம் வேண்டும். 20 செ.மீ. அகலத் தாளை 2,000 பிக்சல் அகலத்தில் போட்டிருந்தால், ஒரு மி.மீ.க்கு 10 பிக்சல், 0.3 மி.மீ. பேனாக் கோடு மூன்றே பிக்சலில் அடங்கிவிடும். அதில் கோட்டின் விளிம்பு, தேக்கம், கசிவு எதையும் படிக்க முடியாது. தளத்தின் சுருக்கமும் கூர்மையூட்டலும் சேர்ந்து மந்தமான கோட்டை உயிருள்ளதாகக் காட்டிவிடும். மி.மீ.க்கு 30 பிக்சலுக்குக் குறைந்தால் கோட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

## முத்திரை, மவுண்ட், பழைய எழுத்து

தாளின் மூலையில் தெரியும் சிறு முத்திரைகள் பழைய சேகரிப்பாளர்களுடையவை. இந்த முத்திரைகளைத் திரட்டி ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921இலும் 1956இலும் வெளியிட்ட தொகுப்பே இன்றும் அடிப்படை. பாரிஸின் குஸ்தோதியா அறக்கட்டளை அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பட்டியலில் "லுக்ட் 2092" என்று இருந்தால் அது ஓவியர் பீட்டர் லீலியின் "பிஎல்" முத்திரை. லீலி 1680இல் இறந்தபின், தொகுப்பை விற்பதற்கு முன்னால் அவருடைய சொத்துப் பொறுப்பாளர் ரோஜர் நார்த் குத்தியது அது.

முத்திரை உண்மையானால் அது ஒரு காலத்தைப் பூட்டுகிறது: லீலி முத்திரை உள்ள தாள் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. காகிதம் தராத பின்னெல்லையை முத்திரை தருகிறது என்பதால் இது மதிப்புள்ள சான்று. யார் வரைந்தார் என்பதை மட்டும் அது சொல்லாது. லீலி, ரெனால்ட்ஸ், லாரன்ஸ் போன்றோரின் பெரிய தொகுப்புகளிலும் தப்புப் பெயர்கள் தாராளமாக இருந்தன.

முத்திரை போலியாகவும் குத்தப்படும். அதனால் மூன்றைப் பாருங்கள்: லுக்ட் தரும் அளவோடு மி.மீ. பொருந்துகிறதா, முத்திரை ஓவியத் தாளிலேயே உள்ளதா, அதை ஒட்டிய அட்டையான மவுண்டிலா, அதைச் சுற்றி வெட்டி ஒட்டிய விளிம்பு சாய்வொளியில் தெரிகிறதா. பாரிஸ் சேகரிப்பாளர் மாரியெத்தின் நீல மவுண்ட் போன்ற புகழ்பெற்ற மவுண்டுகளில் உள்ளிருந்த தாளை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது பழைய தந்திரம். மவுண்டில் வெட்டிய ஜன்னலின் விளிம்பும் தாளின் விளிம்பும் முட்டாமல் இடைவெளி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

"பழைய ஐரோப்பியத் தனியார் தொகுப்பு" என்பது உடைமை வரலாறு அல்ல. ஏலத்தின் இடம், நாள், வரிசை எண் கொடுத்திருந்தால் தேடிச் சரிபார்க்கலாம், அதுதான் வரலாறு.

## காகிதமும் மையும் சரியாக இருந்தும் தப்பானால்

எரிக் ஹெபோர்ன் (1934–1996) பழைய காகிதத்தில், பழைய முறையில் காய்ச்சிய மையால், பழைய மேதைகளின் பாணியில் வரைந்து லண்டன் வியாபாரிகள் வழியே பெரிய அருங்காட்சியகங்களுக்கே விற்றவர். பிறர் தாளை நகலெடுக்காமல் புதுத் தாளைக் கற்பனை செய்தார்; ஆகவே அவர் கோட்டில் நகலின் தயக்கம் இல்லை. 1978இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் கொன்ராட் ஓபர்ஹூபர் தம்மிடம் இருந்த சவெல்லி ஸ்பெராந்தியோ தாளும், நியூயார்க் மோர்கன் நூலகத்தின் ஃப்ரான்செஸ்கோ தெல் கோஸா தாளும் ஒரே காகிதத்தில் இருப்பதைக் கவனித்தார். இரண்டு வெவ்வேறு ஓவியர்கள், விற்றவர் ஒருவரே. அங்கிருந்துதான் நூல் பிரிந்தது.

இணைய ஏலத்தில் இதைச் செய்ய அருங்காட்சியகம் தேவையில்லை. அந்த விற்பனையாளரின் கடந்த இரண்டு மூன்று ஆண்டு விற்பனைகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பர்மிஜானினோ, காலோ, வான் டைக் மூவரும் ஒரே அளவு தாளில், ஒரே தேநீர் நிறத்தில், ஒரே விதமான கண் வரைந்திருந்தால், வேறு சோதனை எதுவும் வேண்டியதில்லை.

ஆய்வகச் சான்றிதழுக்கும் எல்லை உண்டு. "லா பெல்லா பிரின்சிபெஸ்ஸா" எனும் தோல்தாள் ஓவியம் 1998இல் நியூயார்க் கிறிஸ்டீஸில் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேலை என்று 21,850 டாலருக்குப் போனது. பின்னர் கலை வரலாற்றாளர் மார்ட்டின் கெம்ப் அதை லியோனார்டோவுடையது என்றார். கருத்து இன்னும் ஒன்றுபடவில்லை. கரிமக் காலக்கணிப்பு தோல்தாளை 1440க்கும் 1650க்கும் இடையே வைத்தது. அது விலங்கு இறந்த காலம், வரைந்த நாளல்ல. பழைய தோலில் புதிதாக வரைய எந்தத் தடையும் இல்லை.

## ஏலத்துக்கு முன் கேட்க வேண்டிய படங்கள்

1. சட்டத்திலிருந்து வெளியே எடுத்த முழுத்தாள், முன்பக்கமும் பின்பக்கமும், ஓரத்தில் மி.மீ. அளவுகோல் வைத்து.
2. பின்னால் வெளிச்சம் வைத்து எடுத்தது. வெள்ளைத் திரை காட்டும் டேப்லெட்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையோடு வைத்தாலே போதும்.
3. பக்கவாட்டிலிருந்து 10 முதல் 20 பாகைக் கோணத்தில் வெளிச்சம் அடித்து எடுத்தது. அழுத்தத் தடம், கீறல், வேறு தாளுக்கு மாற்றி நகலெடுக்க ஊசிமுனையால் அழுத்திய கோடு, ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் இதில் வரும்.
4. தலை, கை, அடர்ந்த நிழல் ஆகிய மூன்று இடங்களில் 3 செ.மீ. சதுரம் திரை நிறையும்படி.
5. ஒவ்வொரு முத்திரையும் எழுத்தும் தனித்தனியே.

கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: தாள் முழுதும் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறதா? புற ஊதாவில் பார்த்தார்களா? இந்தப் பெயரை யார் சொன்னது, எந்த ஆண்டில், தாளை நேரில் பார்த்தா, படத்தைப் பார்த்தா? தாள் முழுதும் ஒட்டியிருந்தால் வெளிச்சப் படம் பயன்படாது. நீர்க்குறிச் சான்று இல்லாமலேயே விலை போட வேண்டும். படம் அனுப்ப மறுப்பது மட்டுமே மோசடி ஆகாது, சிறிய நிறுவனங்களில் ஆள் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த இருட்டுக்கும் விலையில் கழிவு வேண்டும்.

## எவ்வளவுக்குக் கேட்பது, வந்தபின் என்ன செய்வது

பட்டியல் சொல்லும் படிக்கு விலை போடாதீர்கள். நீங்களே சரிபார்த்த படிக்குப் போடுங்கள். "கருதப்படுவது" என்று இருந்து, படங்கள் காலத்தை மட்டும் உறுதிசெய்தால், அது உங்களுக்கு "வட்டம்". காலமும் உறுதியாகவில்லை என்றால் "பாணி". ஏலம் முடியும் விலையான சுத்தி விலைமேல் பெரும்பாலும் 20 முதல் 30 விழுக்காடு வாங்குவோர் கட்டணம், அதற்கு வரி, நேரலைத் தளத்தின் தனிக் கட்டணம், அனுப்பும் செலவு எல்லாம் ஏறும். 1,000 யூரோவுக்குக் கேட்டது கைக்கு வரும்போது 1,400ஐத் தொடுவது சாதாரணம். உச்சவரம்பை இந்த மொத்தத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்பவர் இத்தாலியில் இருந்தால் ஏற்றுமதிக் காகிதத்தையும் முன்கூட்டிக் கேளுங்கள். 70 ஆண்டுக்கு மேற்பட்ட, 13,500 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள படைப்புக்கு அங்கே உரிமம் வேண்டும். மதிப்புக் குறைந்ததற்கும் உரிமையாளர் அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவர் வணிகராகவும் வாங்குபவர் தனிநபராகவும் இருந்து, நேரில் கலந்துகொள்ள வாய்ப்பில்லாத முழு இணைய ஏலமாக இருந்தால், 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதியின்படி 14 நாளில் திருப்பி அனுப்பும் உரிமை பொதுவாக உண்டு. மண்டபத்தில் நடந்து இணையத்தில் ஒளிபரப்பாகும் ஏலத்துக்கு அது கிடையாது. ஏல நிறுவனம் தனியார் ஒருவருக்கு முகவராக மட்டும் விற்றாலும் இந்த உரிமையை நம்பிவிட முடியாது.

தாள் வந்ததும் பெட்டியைத் திறப்பதிலிருந்து படம் எடுங்கள். 10 மடங்கு, 30 மடங்கு உருப்பெருக்கிகள், பாதுகாப்புக் கண்ணாடியோடு 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, ஒளித்தட்டு ஆகியவற்றோடு மேலே சொன்ன சோதனைகளை முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள். காலக்கெடு ஏலம் முடிந்த நாளிலிருந்தா, தாள் வந்த நாளிலிருந்தா என்பது விதியில் இருக்கும்; முந்தையதாக இருந்தால் அஞ்சலிலேயே பாதி நாள் போயிருக்கும்.

பெயரில் தகராறு என்றால், நிறுவனம் ஏற்கும் நிபுணரின் எழுத்துக் கருத்து தேவை. கிறிஸ்டீஸ் விதியில், கேட்டால் இருவருடைய கருத்தைத் தர வேண்டியிருக்கும். அந்த ஓவியரின் முழுப் பட்டியலைத் தொகுத்தவரோ, அவர் தாள்களைப் பராமரிக்கும் அருங்காட்சியகக் கோட்டோவியப் பிரிவினரோ சொன்னால்தான் எடுபடும். கருத்து வரும்வரை தாளை மவுண்டிலிருந்து பிரிக்காதீர்கள், நனைக்காதீர்கள், சுத்தம் செய்யவும் கொடுக்காதீர்கள். விற்றபோது இருந்த அதே நிலையில் திரும்பினால்தான் பணம் தருவதாக விதிகள் சொல்கின்றன.